கடைக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

2022 தை மாதம். துபாயில் பதினோரு வருஷம் சமையல் வேலை பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பிய ஒருவர், பிரியாணிக் கடை போடுவதற்காக என்னைப் பார்க்க வந்தார். டைல்ஸ் ஒட்டியாயிற்று, பலகை மாட்டியாயிற்று, திறப்பு விழாவுக்குப் பத்திரிகையும் அடித்தாயிற்று. "அண்ணே, பன்னிரண்டு நாள் இருக்கு. லைசென்ஸ் மட்டும்தான் பாக்கி" என்றார்.

உணவுக் கடைகளுக்கு உரிமம் வாங்கித் தருவதுதான் என் தொழில். அந்த 'மட்டும்தான் பாக்கி'யைக் கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசையும். சரி, முதலில் இடத்தைப் பார்ப்போம் என்று அவரோடு கிளம்பினேன்.

ஒரு வீட்டின் தரைத்தளம். மின் ரசீதை வாங்கிப் பார்த்தேன்: டேரிஃப் 1ஏ, அதாவது வீட்டு இணைப்பு. சொத்து வரி ரசீதும் குடியிருப்பு என்றே இருந்தது. இரண்டுமே உரிமையாளர் பெயரில் இல்லை, எப்போதோ இறந்துபோன அவருடைய அப்பா பெயரில். சமையலறைக்குள் போனால், அடுப்பு மேடையிலிருந்து நாலே எட்டில் கழிப்பறைக் கதவு, நேராக உள்ளே திறக்கிறது. இந்த இடத்துக்கு அவர் 4 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, மேற்கொண்டு 6 லட்சத்துக்கு வேலையும் செய்திருந்தார்.

உரிமம் என்பது சமைக்கிற ஆளுக்குக் கிடைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆளைவிட அது இடத்தோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே முதலாளிக்கு இரண்டு கடை இருந்தால் இரண்டு உரிமம். அதிகாரி வந்து பிரியாணியை ருசி பார்ப்பதில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, சுவர் கழுவ முடிகிறதா, ஜன்னலில் வலை இருக்கிறதா, கழிப்பறை எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்ப்பார். உணவுப் பாதுகாப்பு உரிம விதிமுறைகளின் நான்காம் அட்டவணையில் இதெல்லாம் எழுதியே இருக்கிறது. 2011 முதல் நடைமுறையில் இருக்கும் அந்த அட்டவணையை, கடைக்கு இடம் பிடிப்பதற்கு முன்பே படித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கழிப்பறைக் கதவை அடைத்து, கொல்லைப்புறமாக வழி விட்டோம். பின்பக்கத்து இடம் உரிமையாளரின் தம்பி பாகத்தில் இருந்ததால் அவரைச் சம்மதிக்க வைக்கவே பதினெட்டு நாள் போனது. மின் இணைப்பில்தான் மாட்டிக்கொண்டோம். வணிக இணைப்பாக மாற்ற முதலில் பெயர் மாற வேண்டும். பெயர் மாற வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகள் சம்மதித்துப் போடும் கையெழுத்தும் வேண்டும். உரிமையாளரின் அக்காமார் இருவரும் சொத்துத் தகராறில் இருந்தார்கள். மாற்றாமலேயே ஓட்டலாம் என்று அக்கம்பக்கத்தில் சிலர் யோசனை சொன்னார்கள். வீட்டு இணைப்பில் கடை நடத்துவது மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவில் வருகிறது. பிடித்தால் வணிகக் கட்டணத்தில் இரண்டு மடங்கு போடுவார்கள். வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன்.

நாலு மாத வாடகை வீணாகி, அந்த இடத்தைக் கைவிட்டார். அட்வான்ஸ் திரும்பி வந்தது. ஒட்டின டைல்ஸையும் கட்டின மேடையையும் எடுத்துக்கொண்டா வர முடியும்?

ஓடிக்கொண்டிருக்கிற ஹோட்டலை அப்படியே லீசுக்கு எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "லைசென்ஸ் எல்லாம் இருக்கு" என்று சுவரைக் காட்டுவார்கள். அது பழைய முதலாளியின் உரிமம். அவர் இறந்தால் சட்டப்படியான வாரிசுக்கு மாற்ற வழி உண்டு, விலைக்கு வாங்கியவருக்கோ லீசுக்கு எடுத்தவருக்கோ தானாக வராது. உரிமத்தில் இருக்கும் 14 இலக்க எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் வெறும் பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், நமக்கு 24. அதற்கடுத்த இரண்டும் வாங்கிய ஆண்டு.

பதிவு, உரிமம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். 2022-ல் ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை பதிவு போதும் என்று இருந்தது, கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். அதற்கு மேல் போனால் மாநில உரிமம், ஹோட்டல்களுக்கு 2000. 12 லட்சத்தை 365-ஆல் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 3300 ரூபாய்கூட வராது. ஓரளவு ஓடுகிற டீக்கடையே அதைத் தாண்டிவிட்டது. அந்த வரம்பில் பிரியாணிக் கடை 100 ரூபாய்ப் பதிவில் நிற்பது நடக்காத காரியமாக இருந்தது. வரம்புகளும் கட்டணமும் மாறக்கூடியவை, அதனால் விண்ணப்பிக்கிற அன்றைக்கு, உணவு உரிமத்துக்கான அரசு இணையதளமான ஃபோஸ்காஸிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அரசுத் தளம் மாதிரியே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், அங்கே 100 ரூபாய் வேலைக்கு ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. என்னைப் போன்றவர்களுக்குப் பணம் கொடுப்பதென்றாலும் அரசுக் கட்டணம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

மாநகராட்சித் தொழில் உரிமம் தனி. இதற்கும் உணவு உரிமத்துக்கும் முகவரி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் பழைய கதவு எண், மற்றொன்றில் புது எண் என்று இருந்தால் பின்னால் ஆன்லைன் டெலிவரியில் சேரும்போது இழுக்கும். அப்புறம் கேஸ். 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வைக்க வேண்டும், வீட்டு சிலிண்டர் கூடாது. 100 கிலோவைத் தாண்டி இருப்பு வைத்தால் வெடிபொருள் துறை உரிமமே தேவைப்படும். ஐந்து சிலிண்டர் 95 கிலோ, ஆறாவதை உள்ளே இறக்காதீர்கள்.

தண்ணீர்ச் சோதனையில் ஒரு விஷயம். சமையலுக்குப் பிடிக்கிற குழாயிலிருந்தே, ஆய்வகம் தரும் பாட்டிலில் மாதிரி எடுங்கள். கேன் தண்ணீரை ஊற்றி அனுப்பி நல்ல ரிப்போர்ட் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். சாப்பிடப்போவது நம் ஊர் ஜனங்கள், அவர்கள் பிள்ளைகள். மாஸ்டருக்கு எடுப்பதுபோலவே பாத்திரம் கழுவுகிற அம்மாவுக்கும் மருத்துவச் சான்றிதழ் எடுங்கள், டைபாய்டு ஊசி போடுங்கள். மருத்துவப் பரிசோதனை வருஷா வருஷம் செய்ய வேண்டியது.

வைகாசி கடைசியில் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் நாலு படம் வந்தது. மின் ரசீது, சொத்து வரி ரசீது, குழாய், கழிப்பறைக் கதவு. பின்னாலேயே போன். "அண்ணே, வேற கடை பார்த்திருக்கேன். இன்னும் அட்வான்ஸ் கொடுக்கல. கொடுக்கலாமா?"

பார்த்தேன். கொடுங்கள் என்றேன். ஆவணியில் திறந்தார்.