ஜாக்கெட்டோட இடது கை மட்டும் உள்ள கிழியுறது ஏன்?

நாகர்கோவில் வடசேரில எனக்குத் தெரிஞ்ச தையல்கடை அண்ணாச்சிக்கு போன் பண்ணி "ஜாக்கெட்டுக்கு லைனிங் மாத்தணும்"னு சொன்னதும் அவரு "அளவு ஜாக்கெட் குடுத்து விடு மக்கா, வீட்டுக்காரிக்கா?"ன்னு கேட்டாரு, நம்ம ஊருல ஜாக்கெட்னா அதானே. இது லெதர் ஜாக்கெட், மச்சான் கல்ஃப்ல இருந்து வந்தப்ப குடுத்தது. கன்னியாகுமரி சூட்டுல லெதர் ஜாக்கெட்டான்னு சிரிக்கிறவங்க ஆடி மாசம் ராத்திரி ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல்ல கரண்டு எடுக்கிற காத்தாடிகளுக்கு நடுவுல பைக் ஓட்டிப் பாத்துட்டு வந்து சிரிக்கட்டும்.

கடைக்கு கொண்டு போனேன். அண்ணாச்சி கையை உள்வெளியா திருப்பிப் போட்டு ஒரு நிமிஷம்கூட பாக்கல, "எடது கையிலதான வாட்ச் கெட்டுத, அதும் செயின் வாட்ச்"னாரு. என் கையைக் கூட பாக்காம சொன்னாரு, ஏன்னா வலது கை லைனிங் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு, இடது கைல மட்டும் கைமடிப்புல இருந்து நாலு விரல் மேல பெருவிரல் நுழையுற அளவுக்கு ஓட்டை. ஓட்டைன்னா சுத்தமா வெட்டுன ஓட்டை இல்ல, நீளவாக்குல போற பாவு நூல் எல்லாம் பஞ்சு பஞ்சா தேஞ்சு போயி, குறுக்க போற ஊடை நூல் மட்டும் ஏணிப்படி மாதிரி தொங்கிட்டு கெடக்கு. வாட்ச்ல கூரா எதுவும் இல்லியே, தடவிப் பாத்தா வழுவழுன்னுதான இருக்கு, இது எப்படி கிழிச்சிச்சுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன்.

கூர்மை இருந்தாத்தான் கிழியும்னு நாம நினைக்கிறதுதான் தப்பு. இழுத்துப் புடிச்ச துணி ஒரு வளைவு மேல படிஞ்சா, அந்த எடத்துல விழுற அழுத்தம் இழுவிசையை வளைவோட ஆரத்தால வகுத்தா வர்ற அளவு. மணிக்கட்டோட ஆரம் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர்னு வச்சுக்கிடுங்க, வாட்ச் கேஸோட ஓரம் விரலுக்கு எவ்வளவு வழுவழுப்பா தெரிஞ்சாலும் அதோட ஆரம் 0.3 மில்லிமீட்டர்தான் இருக்கும்னா, அதே இழுப்புக்கு அந்த ஓரத்துல அழுத்தம் 100 மடங்கு. குளச்சல்ல வள்ளத்து விளிம்புல கயிறு உரசுற எடத்துல பழைய டயர் துண்டையோ சாக்கையோ சுத்தி வைப்பாங்கல்ல, அது என்ன செய்யுதுன்னா வளைவைப் பெருசாக்குது, அவ்வளவுதான்.

சரி, அப்போ முழுக்கை சட்டையும் தேயணுமே? தேயும்தான், ஆனா பைய தேயும், ஏன்னா சட்டைத் துணி வாட்ச் முட்டுனா வெளிப்பக்கமா விலகிக் குடுக்கும். லெதர் விலகாது. ஒரு மில்லிமீட்டர் சுத்துல தடிமன் இருக்கிற மாட்டுத்தோல், காத்து பூராதபடி கை வேற இறுக்கமா தைச்சிருக்கும், முழங்கைய மடக்குனா கை முழுசும் மேல ஏறி, அடியில கைமடிப்போட சேத்து தைச்சிருக்கிற லைனிங் வாட்ச் மேல இறுகிப் போகுது. அப்போ கீழ வாட்ச், மேல தோல், நடுவுல முடி மாதிரி மெல்லிசா ஒரு துணி. தேங்கா அரைக்கிறதப் பாத்திருக்கீயள்லா, குழவி மட்டும் இருந்தா ஒண்ணும் அரையாது, அடியில அசையாத அம்மி வேணும். எல்லாரும் வாட்ச்சைத்தான் திட்டுறாங்க, நான் சொல்லுவேன் பாதிக் குற்றம் தோலு மேலதான்.

இனி அரைக்கிறது யாரு? கையை ஆட்டுறப்ப வர்ற உரசல் ஒண்ணு, இடது கைல கிளட்ச் புடிக்கிறப்ப எல்லாம் மணிக்கட்டு மடங்கி நிமிர்றது ஒண்ணு. மணிமேடை ஜங்ஷன்ல சாயங்காலம் மாட்டுனா எத்தன தடவ கிளட்ச் புடிப்போம்னு உங்களுக்கே தெரியும். அதை விட மோசம் அதிர்வு. ஒத்த சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 4000 சுத்து சுத்துனா செகண்டுக்கு கிட்டத்தட்ட 67 தடவ ஹேண்டில்பார் நடுங்கும், ஒரு மணி நேரத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். ஒவ்வொரு நடுக்கமும் துளியூண்டு நகர்வுதான், ஆனா அதே எடத்துல. மெஷின்கள்லயும் இப்படி இறுக்கிப் புடிச்ச ரெண்டு பாகம் நுணுக்கமா ஆடி ஆடி தேயும், அதுக்கு ஃபிரெட்டிங்னு பேரு. 1953-ல ஆர்ச்சர்ட்னு ஒருத்தர் தேய்மானத்துக்கு ஒரு கணக்கு போட்டாரு: அழுத்தம் கூடுனா தேய்மானம் கூடும், உரசுன தூரம் கூடுனா கூடும், தேயுற பொருள் கடினமா இருந்தா குறையும். உலோகத்தை மனசுல வச்சு போட்டதுதான், துணிக்கு அச்சு அசலா பொருந்தாது, ஆனா என் கைமடிப்புல நடந்தது இந்த மூணும்தான்.

அந்தத் துணிய எடுத்தா அது வேற கதை. லைனிங்கோட வேலை கை சர்ருன்னு உள்ள போறது, அதுக்காக சாட்டின் நெசவு போடுவாங்க, ஒரு பாவு நூல் நாலு ஊடைக்கு மேல தாவி அஞ்சாவதுக்கு அடியில போகும். தாவுற நூல் மேல மிதந்துகிட்டு கெடக்கிறதாலதான் பளபளப்பு, வழுக்கல் எல்லாம், ஆனா அதனாலயேதான் சாவி குடுக்கிற குமிழோட பல்லு, செயினோட கண்ணிக்கு நடுவுல இருக்கிற இடுக்கு, லாக்கோட மூலை எல்லாத்துலயும் அது சிக்கும். வாரை மாட்டுறதுக்கு கேஸ்ல இருந்து நீட்டிக்கிட்டு இருக்கிற நாலு முனையும் சும்மா இருக்காது. ஏணிப்படி மாதிரி ஊடை மட்டும் மிஞ்சுனது இதனாலதான், மேல கெடந்தது மொதல்ல போச்சு.

அதுல நம்ம ஊரு வேர்வை. லைனிங் ரேயானா இருந்தா தொலைஞ்சுது, விஸ்கோஸ் ரேயான் நனைஞ்சா அதோட பலம் ஏறக்குறைய பாதியாயிரும், தண்ணி உள்ள பூந்து செல்லுலோஸ் இழைங்க ஒண்ணையொண்ணு புடிச்சிருக்கிற புடிய விட வச்சிரும். பாலியஸ்டர் தண்ணியே குடிக்காது, நனைஞ்சாலும் பலம் அப்படியே. தேய்மானத்தைத் தாங்குறதுல நைலான் எல்லாத்தையும் விட மேல. அம்மியில தண்ணி தெளிச்சா சீக்கிரம் அரையும்லா, வேர்வையில நனைஞ்ச ரேயானும் அந்த மாதிரிதான்.

இன்னும் ஒண்ணு, இதை நம்ம மாவட்டத்துக்காரங்க மட்டும் கவனிக்க வேண்டியது. மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல இல்மனைட், மோனசைட், சிர்கான்ங்குற கனிமங்களோட கார்னெட்டும் கெடக்கு. கார்னெட்டு சிவப்பு, கடினம், 1-ல இருந்து 10 வரை போற மோஸ் அளவுல ஏறக்குறைய 7, உப்புத்தாள் செய்யவும் தண்ணி பீச்சி இரும்பு வெட்டுற மெஷின்லயும் போடுறதே அதைத்தான். கடற்கரையில ஒக்காந்து எழும்பி வந்து அதே கையோட ஜாக்கெட்ட மாட்டுனா செயின் இடுக்குல இருக்கிற நாலு மணல் போதும். ஸ்டீல் அதை விட மென்மையானது, அதனால வாட்ச்சும் தப்பாது, என் வாட்ச் கேஸ் மேல முடி முடியா இருக்கிற கீறல் பாதி இப்படி விழுந்ததுதான்னு நினைக்கேன்.

ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன் விமானங்கள்ல வழி கணிக்கிற நேவிகேட்டர்களுக்கு 55 மில்லிமீட்டர் அகலத்துல பெரிய வாட்ச் குடுத்து, நீள வார் போட்டு ஜாக்கெட் கைக்கு வெளிய கட்ட வச்சாங்க. லைனிங்கைக் காப்பாத்த இல்ல, தடிச்ச உடுப்போட பறக்கிறப்ப சட்டுன்னு நேரம் பாக்க. நான் அப்படி வெளிய கட்டிக்கிட்டு வடசேரி பஸ் ஸ்டாண்டுல நின்னா பயலுவ சும்மா விட மாட்டானுவ.

அண்ணாச்சி செஞ்சது இதுதான்: கைமடிப்புல இருந்து ஒரு சாண் அளவுக்கு பழைய லைனிங்க வெட்டி எடுத்துட்டு அந்த எடத்துல கறுப்பு குடைத்துணி வச்சு தைச்சுட்டாரு. நைலான், நெருக்கமா ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு போற சாதா நெசவு, மிதக்கிற நூலே இல்ல, சிக்கவும் எடமில்ல. வலது கைக்கும் போடலாமான்னு கேட்டேன், "அது நல்லாத்தான கெடக்கு, காச எதுக்கு கரியாக்குத"ன்னுட்டாரு. இப்போ கையை நீட்டி மடக்குனா இடது பக்கம் மட்டும் சரசரன்னு குடை விரிக்கிற சத்தம் வருது.