வார லீவு முடிந்ததும் நெஞ்சு இறுக்குகிறதா?

பஞ்சாலைகள் நிறைந்த பகுதியில் நான் நெஞ்சக மருத்துவம் பார்க்கிறேன். பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் என்ற நுரையீரல் நோயைப் புரியவைக்க, எலிசபெத் காஸ்கெல் எழுதிய ‘நார்த் அண்ட் சவுத்’ நாவலைத்தான் இளம் மருத்துவர்களிடம் முதலில் படிக்கச் சொல்வேன். ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் 1854-இல் தொடராக ஆரம்பித்து, 1855-இல் புத்தகமாக வந்தது. காஸ்கெல் மான்செஸ்டரில் வாழ்ந்தவர், ஒரு பாதிரியாரின் மனைவி. ஆலைத் தொழிலாளர் குடும்பங்களை அருகிலிருந்து பார்த்தவர்.

நாவலில் பெஸ்ஸி என்று 19 வயது ஆகப்போகும் பெண் வருகிறாள். பஞ்சைச் சீவும் கார்டிங் அறையில் வேலை பார்த்தவள். பஞ்சைச் சீவும்போது பறக்கும் வெள்ளைத் துகள் நுரையீரலைச் சுற்றிக்கொண்டு இறுக்குகிறது என்கிறாள். அப்பாவுக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும், வருத்தப்பட்டார் என்கிறாள். ஆனால் தங்கை மேரியின் படிப்பு நிற்கக் கூடாது. அப்பாவுக்குப் புத்தகம் வாங்க வேண்டும். தன்னை யாரும் நோஞ்சான் என்று சொல்லிவிடவும் கூடாது. என் அறையில் உட்காரும் பெண்களும் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

தூசியை வெளியே இழுக்கும் பெரிய சக்கரம் அப்போதே இருந்தது. 500, 600 பவுண்டு செலவாகும், லாபம் எதுவும் வராது என்பதால் வெகுசில முதலாளிகளே வைத்தார்கள் என்று பெஸ்ஸி சொல்கிறாள். சில தொழிலாளர்களுக்கும் அது பிடிக்கவில்லையாம். பஞ்சை விழுங்கிப் பழகிய வயிறு அது இல்லாமல் பசிக்கிறது, கூலியை உயர்த்துங்கள் என்றார்களாம். தொழிலாளிக்கு விழிப்புணர்வு இல்லை என்று பேசுபவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். அவர்கள் கேட்டது சாப்பாட்டுக்கான காசு.

பிரிட்டனில் இந்த நோய்க்கு இழப்பீடு கிடைக்க 1940-கள் ஆனது. இந்தியாவிலும் பிஸினோசிஸ் இன்று சட்டம் ஏற்றுக்கொண்ட தொழில் நோய். ஆனாலும் ஆஸ்துமா என்றோ சளி என்றோ மருந்து வாங்கிக்கொண்டு திரும்பவும் அதே கார்டிங்குக்கும், பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமுக்கும் போகிறவர்களைப் பார்க்கிறேன்.

அடையாளம் எளிது. வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுக்கும், மூச்சு வாங்கும். அடுத்தடுத்த நாட்களில் குறையும். நம் மில்களில் லீவு நாள் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், எந்தக் கிழமை என்று பார்க்காமல் லீவுக்கு மறுநாளைக் கவனியுங்கள். எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் இந்த நோய் இருக்கலாம். அந்த முதல் நாள் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில் அது தெரிய வாய்ப்பு உண்டு. ஆரம்பத்திலேயே தூசியிலிருந்து விலகினால் நுரையீரல் தேறும். வருடக்கணக்கில் விட்டால் மூச்சுத்திணறல் நிரந்தரமாகிவிடும். பீடி, சிகரெட் சேர்ந்தால் இன்னும் மோசம்.

எந்த மருத்துவரிடம் போனாலும் எந்தப் பிரிவில், எத்தனை வருடமாக வேலை பார்க்கிறீர்கள் என்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். இஎஸ்ஐ அட்டை இருந்தால் அதையும் காட்டுங்கள், தொழில் நோய்க்கான உதவித்தொகை அதில் உண்டு.