ஆடிக் குளிரும் 865 கிலோமீட்டர் குழாயும்

தென்னாப்பிரிக்காவில் ஆடி மாதம் குளிர்காலத்தில் வருகிறது. தமிழ்நாட்டில் ஆடிக் காற்று அம்மியை நகர்த்தும் நாள்களில், டர்பன் நகரின் மெர்பேங்கிலும் சாட்ஸ்வொர்த்திலும் அம்மனுக்குக் கூழ் காய்ச்சுகிறவர்கள் விடியும் முன்பே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கோயில் முற்றத்தில் நிற்கிறார்கள். பெரிய அடுப்பு ஒரு மணி நேரம் எரிந்த பிறகு அதன் சிலிண்டரைக் கவனித்தால் ஒன்று தெரியும். மேற்பகுதி உலர்ந்து சாதாரணமாக இருக்க, கீழ்ப்பகுதி முழுவதும் வியர்த்து, சில நேரங்களில் வெண்ணிறமாக உறைபனியே படிந்திருக்கும். அந்த வெள்ளைப் படிவின் மேல் விளிம்பு, உள்ளே திரவம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் காட்டுகிறது. காலையின் மிகக் குளிர்ந்த வேளையில், எரிவாயு மிகவும் தேவைப்படும் நேரத்தில், சுடர் தணிந்து போவதற்கும் சிலிண்டர் அப்படிக் குளிர்ந்துபோவதே காரணம்.

இதே நாட்டுக்குள் மொசாம்பிக்கிலிருந்து இயற்கை எரிவாயு இரவு பகலாகக் குழாயில் வந்துகொண்டிருக்கிறது. அது முடியும் இடத்திலிருந்து தொடங்கும் வேறொரு குழாயின் முனை டர்பன் தொழிற்பேட்டைகள் வரை நீள்கிறது. அப்படியிருந்தும் குளிர்காலத்தின் சுமையைத் தாங்குவது சிலிண்டரும் மின்கம்பியுமே. ஏன் என்று புரிந்துகொள்ள, நீண்ட குழாயொன்றுக்குள் வாயு எவ்வாறு நகர்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மொசாம்பிக்கின் இன்யம்பானே மாகாணத்தில் பாண்டே, தெமானே என்னும் இரண்டு எரிவாயு வயல்கள் உள்ளன. பாண்டே 1961ஆம் ஆண்டே கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் வாங்குவோரும் குழாயும் இல்லாததால் அந்த வாயு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலத்துக்கடியிலேயே கிடந்தது. 2004ஆம் ஆண்டில்தான் தெமானேயிலிருந்து தென்னாப்பிரிக்காவின் செகுண்டா நகர் வரை 865 கிலோமீட்டர் நீளமும் 26 அங்குல விட்டமும் கொண்ட ராம்ப்கோ குழாய்வழி இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் சாசோல்பர்க் நகரின் வேதியியல் ஆலைகளும் நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறின. வாயுவின் அளவை அதிலுள்ள ஆற்றலைக் கொண்டு கிகாஜூல் என்ற அலகில் சொல்வார்கள். தொடக்கத்தில் குழாயின் கொள்ளளவு ஆண்டுக்கு 12 கோடி கிகாஜூல். பின்னர் எல்லையோரக் கொமாட்டிபூர்ட்டில் வாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் நிலையம் அமைத்தும், சில பகுதிகளில் இணைக்குழாய் பதித்தும் அதை 21.2 கோடி கிகாஜூலாக உயர்த்தினார்கள்.

கொள்ளளவை உயர்த்த ஏன் இவ்வளவு பாடு? நீண்ட குழாயில் பாயும் வாயு, சுவரோடும் தன்னோடும் உராய்ந்து அழுத்தத்தை இழந்துகொண்டே போகிறது. அழுத்தம் குறையக் குறைய வாயு விரிகிறது. விரிந்த வாயு அதே குழாய்க்குள் வேகமாக ஓட வேண்டியிருக்கிறது. வேகம் கூடினால் உராய்வும் கூடுகிறது. ஆகவே கடைசிக் கிலோமீட்டர்களில் அழுத்தம் முதல் கிலோமீட்டர்களை விட விரைவாகச் சரிகிறது. இந்த நடத்தையைப் பொறியாளர்கள் ஓர் எளிய விதியாகச் சொல்வார்கள்: பாயும் அளவு, தொடக்க அழுத்தத்தின் வர்க்கத்திலிருந்து முடிவு அழுத்தத்தின் வர்க்கத்தைக் கழித்து, அதன் வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண்ணுக்கு நேர்விகிதமாக இருக்கும்.

எண்களை இட்டுப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். ஒரு குழாயின் தொடக்கத்தில் 100 வளிமண்டல அழுத்தமும் முடிவில் 50 வளிமண்டல அழுத்தமும் இருப்பதாகக் கொள்வோம். வர்க்கங்களின் வேறுபாடு 7,500. குளிர் வந்துவிட்டது, முனையில் இருப்பவர்கள் கூடுதலாக இழுக்கிறார்கள், முடிவு அழுத்தம் 50லிருந்து 40க்கு இறங்குகிறது. இப்போது வேறுபாடு 8,400. வர்க்கமூலம் எடுத்தால் பாய்வு 6 சதவீதம் கூட உயரவில்லை. அதற்குப் பதிலாகத் தொடக்க அழுத்தத்தை 100லிருந்து 110க்கு உயர்த்தினால் வேறுபாடு 9,600 ஆகி, பாய்வு 13 சதவீதம் கூடுகிறது. வாங்குகிற முனையில் எவ்வளவு உறிஞ்சினாலும் பயன் சிறிது, அனுப்புகிற முனையில் தள்ளினால்தான் பலன். தள்ளுவதற்கோ கம்ப்ரசரும் அதைத் தாங்கும் குழாய்ச்சுவரும் வேண்டும். செகுண்டா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதும் ஒரு கூடுதல் சுமை. அழுத்தப்பட்ட வாயுவுக்கு நல்ல எடை உண்டு என்பதால், அந்த மேட்டின் மீது ஏறுவதற்கு மட்டுமே ஏழெட்டு வளிமண்டல அழுத்தம் செலவாகும்.

குழாய் வெறும் வழி மட்டுமன்று, நீண்ட தொட்டியும்கூட. இந்தத் தொட்டியின் அளவை நாமே கணக்கிடலாம். உள்விட்டம் 64 சென்டிமீட்டர் என்று கொண்டால் 865 கிலோமீட்டர் நீளத்துக்கு அதன் உட்கொள்ளளவு சுமார் 2 இலட்சத்து 78 ஆயிரம் கன மீட்டர். சராசரி அழுத்தம் 70 வளிமண்டலம் என்றால், சாதாரணக் காற்றழுத்தத்தில் அளக்கும்போது சுமார் 1.95 கோடி கன மீட்டர் வாயு உள்ளே அடங்கியிருக்கும். தொடக்ககாலக் கொள்ளளவின்படி நாளொன்றுக்குப் பாய்ந்தது ஏறத்தாழ 86 இலட்சம் கன மீட்டர். அதாவது இரண்டு நாள் தேவைக்குச் சற்று அதிகமான வாயு எந்நேரமும் குழாய்க்குள் பயணத்தில் இருக்கிறது. மணிக்கு 16 கிலோமீட்டர் என்ற சைக்கிள் வேகத்தில் அது வருகிறது. திங்கட்கிழமை தெமானேயில் குழாய்க்குள் புகுந்த வாயு புதன்கிழமைதான் செகுண்டாவை எட்டும். அழுத்த மாற்றம் வாயுவை விட மிக வேகமாகப் பரவும் என்றாலும், அத்தனை தொலைவில் உராய்வில் மங்கி, மெல்ல மெல்லத்தான் மறுமுனையில் உணரப்படுகிறது.

சேர்த்துவைத்த அந்த வாயு முழுவதையும் எடுத்துவிட முடியாது, அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் பாய்வே நின்றுவிடும். சராசரி அழுத்தத்தில் 10 வளிமண்டலத்தை மட்டும் விட்டுக்கொடுக்கலாம் என்றால், கிடைப்பது சுமார் 28 இலட்சம் கன மீட்டர், அதாவது எட்டு மணி நேரத் தேவை. மாலையில் அடுப்புகள் ஒன்றாக எரியும் வேளையைச் சமாளிக்க இது தாராளமாகப் போதும். இரவில் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்ற மூன்று மாதங்களுக்கும் தேவை 20 சதவீதம் கூடினால், கூடுதலாக வேண்டியது 15 கோடி கன மீட்டருக்கு மேல். அது குழாய் முழுவதையும் எட்டு முறை காலி செய்வதற்குச் சமம். ஒரு நாளின் ஏற்ற இறக்கத்தைக் குழாய் தாங்கும், ஒரு பருவத்தின் ஏற்ற இறக்கத்தைத் தாங்காது. என் பார்வையில் இந்த நாட்டின் எரிவாயுப் பேச்சில் போதிய கவனம் பெறாத உண்மை இதுதான்.

ஐரோப்பாவில் இந்த இடைவெளியை நிலத்தடிச் சேமிப்பு நிரப்புகிறது. தீர்ந்துபோன பழைய வயல்களிலும், உப்புப் படுகையில் குடைந்த குகைகளிலும் கோடையில் வாயுவை உள்ளே செலுத்திவிட்டுக் குளிர்காலத்தில் எடுக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் அத்தகைய சேமிப்பு உருவாகவில்லை, உருவாக வேண்டிய நெருக்கடியும் எழவில்லை. இங்கே குழாய் வாயுவின் பெரும்பகுதியை எரிபொருள், வேதிப்பொருள் நிறுவனமான சாசோலின் சொந்த ஆலைகளும், கண்ணாடி, எஃகு, ஓடு, உணவுத் தொழிற்சாலைகளும் எடுத்துக்கொள்கின்றன. கண்ணாடி உலைக்குக் கோடை, குளிர் என்ற வேறுபாடு கிடையாது. அது ஆண்டு முழுவதும் அணையாமல் எரிய வேண்டும். வயலுக்கும் குழாய்க்கும்கூட அத்தகைய வாடிக்கையாளரே ஏற்றவர். ஜோகன்னஸ்பர்க்கின் சில பகுதிகளில் வீடுகளுக்குக் குழாய் வாயு உண்டு. அந்நகரின் காட்டஸ்லோ பகுதியில் நிலக்கரியிலிருந்து வாயு காய்ச்சிய ஆலை 1992இல் மூடப்படும் வரை ஊட்டிய பழைய நகர வலையமைப்பு அது. மொத்தப் பயன்பாட்டில் அந்த வீடுகளின் பங்கு மிகச் சிறியது. டர்பனுக்கு வருவது மொசாம்பிக் வாயுகூட அன்று. செகுண்டாவில் நிலக்கரியைப் பதப்படுத்தும்போது கிடைக்கும் மீத்தேன் மிகுந்த வாயு, முன்பு எண்ணெய் ஓடிய லில்லி குழாய்வழியில் சுமார் 600 கிலோமீட்டர் பயணம் செய்து எம்பங்கேனி வழியாகக் கடற்கரைத் தொழிற்சாலைகளை அடைகிறது.

இவ்வாறு குழாய்க்குள் குளிர்காலம் ஏறக்குறையத் தென்படுவதே இல்லை. குளிர்காலம் தென்படும் இடங்கள் வேறு. ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் வைகறையில் புல்மீது உறைபனி படியும் நாள்களில், மாலை ஐந்து மணிக்கு மேல் ஹீட்டரும் கெய்சரும் அடுப்பும் ஒன்றாக இயங்கி மின்தேவையை உச்சிக்குக் கொண்டுபோகின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அரசு மின் நிறுவனமான எஸ்காம் உயர்பருவக் கட்டணம் விதிப்பதும் இதனால்தான். மின்சாரத்துக்கு அஞ்சியவர்கள் சிலிண்டருக்கு வருகிறார்கள்.

சிலிண்டருக்குள் இருப்பது குழாயில் வரும் மீத்தேன் அன்று, புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். புரோப்பேனின் கொதிநிலை கழித்தல் 42 டிகிரி, பியூட்டேனின் கொதிநிலை கழித்தல் அரை டிகிரி செல்சியஸ். அடுப்பைத் திறந்ததும் உள்ளே திரவம் கொதிக்கத் தொடங்குகிறது. ஒரு கிலோ திரவம் ஆவியாக ஏறத்தாழ 370 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பத்தை விட இது சற்று அதிகம். அந்த வெப்பம் சிலிண்டரின் இரும்புச் சுவர் வழியே வெளிக்காற்றிலிருந்து வர வேண்டும். அதிலும் திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் கீழ்ப்பகுதிச் சுவரின் வழியேதான் அது பெரிதும் வர முடியும். கூழ் அடுப்பு போன்ற பெரிய பர்னர், சுவர் வாங்கித் தருவதை விட வேகமாக வெப்பத்தைச் செலவழிக்கும்போது திரவம் குளிர்கிறது. சுவரில் பனி படிகிறது. புரோப்பேனின் ஆவியழுத்தம் 20 டிகிரியில் எட்டு வளிமண்டலத்துக்கு மேல் இருக்க, பூச்சிய டிகிரியில் ஐந்துக்கும் கீழே வந்துவிடும். பியூட்டேனோ அப்போது வெளிக்காற்றின் அழுத்தத்தை ஒட்டியே நிற்கும். புரோப்பேன் முதலில் ஆவியாகிப் போவதால், சிலிண்டரின் கடைசிப் பாதியில் பியூட்டேனின் விகிதம் கூடுகிறது. திரவ மட்டமும் தாழ்ந்து, வெப்பம் வாங்கும் சுவர்ப்பரப்பும் சுருங்குகிறது. பாதி தீர்ந்த 9 கிலோ சிலிண்டர் விடியற்காலையில் தளர்ந்துபோவதற்கு இம்மூன்று காரணங்களும் சேர்ந்தே உழைக்கின்றன. அதே அடுப்புக்கு 48 கிலோ சிலிண்டரை இணைத்தாலோ, இரண்டு சிலிண்டர்களைப் பக்கத்தில் இணைத்தாலோ சுவர்ப்பரப்பு பெருகிச் சுடர் நிமிர்கிறது. நெருப்பையோ கொதிநீரையோ சிலிண்டரின் அருகில் கொண்டுபோவது பேராபத்து, அதை யாரும் செய்யக் கூடாது.

இந்தத் திரவ வாயு வரும் வழியும் மாறிவிட்டது. மெர்பேங்கின் பக்கத்திலேயே நின்ற இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் முன்பு அதைத் தயாரித்தன. எஞ்சன் ஆலை 2020 டிசம்பரில் தீப்பிடித்த பின் மீண்டும் இயங்கவில்லை. சாப்ரெஃப் ஆலை 2022இல் நிறுத்தப்பட்டது. அந்தப் புகைபோக்கிகளின் கீழ் பல்லாண்டுகள் மூச்சுத் திணறி வாழ்ந்த மக்களுக்கு இது ஆறுதல்தான். ஆனால் வாயு இனிக் கப்பலில் வர வேண்டும். ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் 2020இல் திறக்கப்பட்ட முனையத்தின் தொட்டிகள் 22,600 டன் கொள்ளக்கூடியவை. அது 9 கிலோ சிலிண்டர்கள் 25 இலட்சத்துக்குச் சமம்.

குழாய் வாயுவின் நிலையும் திருப்பத்தில் இருக்கிறது. பாண்டே, தெமானே வயல்கள் வற்றி வருகின்றன. 2027 நடுப்பகுதிக்குப் பிறகு தொழிற்சாலை வாடிக்கையாளர்களுக்கு இயற்கை எரிவாயு தர இயலாது என்று சாசோல் அறிவித்து, அதன் பின் ஓராண்டுக்கு மீத்தேன் மிகுந்த வாயுவைத் தர முன்வந்துள்ளது. அதற்கடுத்து என்ன என்ற கேள்விக்கு, மபூட்டோவை அடுத்த மத்தோலாவில் திரவமாக்கிய இயற்கை எரிவாயுவை இறக்கி, அதே ராம்ப்கோ குழாயில் சேர்க்கும் திட்டம் பேசப்படுகிறது. கழித்தல் 162 டிகிரிக்குக் குளிர்விக்கும்போது மீத்தேன் திரவமாகிக் கன அளவில் 600இல் ஒரு பங்காகச் சுருங்கும். 1 இலட்சத்து 70 ஆயிரம் கன மீட்டர் கொள்ளும் ஒரு கப்பல், வாயுவாக மாறும்போது 10 கோடி கன மீட்டருக்கு மேல் கொண்டுவருகிறது. நாம் கணக்கிட்ட மூன்று மாதக் கூடுதல் தேவையை ஒன்றரைக் கப்பல் நிறைத்துவிடும். குழாயால் தாங்க முடியாத பருவ மாற்றத்தைக் கப்பலும் தொட்டியும் சேர்ந்து தாங்க முடியும். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. குளிருக்கு முன்பே வாயுவை இறக்கி வைக்கும் அளவுக்குத் தொட்டி பெரிதாக இருக்க வேண்டும். எல்லையிலிருந்து செகுண்டா வரை மேடேறும் பகுதியில், உச்ச நாள்களுக்கான கம்ப்ரசர் வலுவும் இருக்க வேண்டும். ஆண்டின் சராசரித் தேவையை மட்டும் பார்த்து முனையத்தைக் கட்டினால் இவ்விரண்டும் விடுபட்டுப்போகும்.

மெர்பேங்கின் வீடுகளுக்கு அந்தக் குழாய் வரப்போவதாகத் தெரியவில்லை. அவற்றுக்கு ஆடியில் அடுப்பு எரிவது, ரிச்சர்ட்ஸ் பேத் தொட்டிகள் மே மாதம் பிறக்கும்போது எந்த மட்டத்தில் நிற்கின்றன என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது.