டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே ஆஸ்துமா இழுப்பு திரும்புவது ஏன்?

மருத்துவமனையில் மூச்சு சீராகி, மருந்துச் சீட்டோடு வீட்டுக்கு வந்தாயிற்று. மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு மறுபடியும் இழுப்பு. அப்போது வீட்டில் பெரும்பாலும் எழும் பேச்சு இதுதான்: "நேத்துதானே டிஸ்சார்ஜ் பண்ணாங்க. திரும்பப் போய் நின்னா என்ன நினைப்பாங்க? விடியட்டும், பார்க்கலாம்." இந்தத் தயக்கம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆஸ்துமா தாக்கும்போது மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. கூடவே குழாயின் உட்சுவர் வீங்கி, கெட்டிச் சளியும் அடைக்கிறது. மருந்தை ஆவிபோல் ஆக்கித் தரும் நெபுலைசர் கருவியில் வைக்கும் சால்புடமால் என்ற மருந்து தசையைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். ஆனால் அதன் பலன் நாலு முதல் ஆறு மணி நேரம்தான். வீக்கத்தை வடிய வைக்க ஸ்டீராய்டு வேண்டும். அது வேலையைத் தொடங்கவே சில மணி நேரமாகும். வீக்கம் நன்றாக அடங்கப் பல நாட்கள், சிலருக்கு வாரங்கள்கூடப் பிடிக்கும். ஆக, வீடு திரும்பும் நாளில் தசை தளர்ந்திருக்கும், சுவரில் வீக்கம் மிச்சமிருக்கும். மூச்சு சரியானதும் ஸ்டீராய்டு மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று டாக்டர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அந்த மிச்ச வீக்கத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. சீராகக் காற்று ஓடும் ஒரு குழாயின் ஆரம் பாதியானால், காற்றுக்கு ஏற்படும் தடை இரண்டு மடங்காவதில்லை, 16 மடங்காகிறது. ஏற்கெனவே குறுகிய குழாயில் கொஞ்சம் தூசி, ஒரு சளிக்காய்ச்சல் சேர்ந்தாலே நிலைமை சட்டென்று மோசமாகும். அதிகாலையில் மூச்சுக்குழாய் இயல்பாகவே சற்றுச் சுருங்கும் என்பதால் தொல்லை அந்த நேரத்தில் தலைதூக்குகிறது.

பிரிட்டனில் 195 ஆஸ்துமா மரணங்களை ஆராய்ந்து 2014-இல் ஓர் அறிக்கை வெளியானது. அவர்களில் 19 பேர், ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சிகிச்சை பெற்று டிஸ்சார்ஜ் ஆன 28 நாட்களுக்குள் இறந்தவர்கள். பத்தில் ஒருவர்! அதனால் டிஸ்சார்ஜுக்குப் பின் வரும் வாரங்களில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

எப்போது கிளம்ப வேண்டும்? இழுப்பை உடனே தணிக்க உறிஞ்சும் நிவாரண இன்ஹேலரின் பலன் நாலு மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றால், அதுவே போதுமான காரணம். நோயாளியை அருகில் உட்கார்ந்து பாருங்கள். நிலைமை மோசமென்றால் முழங்காலில் கையூன்றிக் குனிந்திருப்பார். "தண்ணி... குடு" என்று இரண்டு சொல்லுக்கு நடுவே மூச்சு வாங்குவார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளின் இடையிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்ளே இழுபடும். உதடு நீலமானாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மூச்சுத் திணறல் குறையாமலே விசில் சத்தம் மட்டும் நின்றால், தேறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று அதற்குப் பொருள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் நல்ல எண் காட்டினாலும் இந்த அறிகுறிகளையே நம்புங்கள்; ஆக்சிஜன் அளவு பல நேரம் தாமதமாகத்தான் இறங்கும்.

ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, நோயாளியை நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குடுவை) வழியாக நிவாரண மருந்தை ஒவ்வொரு பஃப்பாகக் கொடுங்கள். அப்புறம், டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்டீராய்டு, எத்தனை நாள் என்பது அதில் இருக்கும். அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும் முதலில் சொல்ல வேண்டியது: "நேத்துதான் ஆஸ்துமாவுக்கு அட்மிட் ஆகி வீட்டுக்குப் போனோம்." அண்மையில் அட்மிட் ஆனவர் என்றாலே டாக்டர்கள் அதிக ஆபத்துள்ளவராகக் கணக்கில் எடுத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்குவார்கள்.