சேர்க்கைப் படிவத்தில் எழுதிய கைபேசி எண்

ஜூன் மாதச் சேர்க்கை நாட்களில், அலுவலக மேசை முன் நின்று படிவம் நிரப்பும் பெற்றோர் ஒரு கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிடுவதை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்த்துவருகிறேன். பிறந்த தேதி, சாதி, தொழில், ஆண்டு வருமானம் எல்லாவற்றையும் தயங்காமல் எழுதியவர்கள், கைபேசி எண் கேட்கும் இடத்தில் மட்டும் நிமிர்ந்து, "யாரு நம்பரப் போடட்டும் டீச்சர்?" என்று கேட்பார்கள். "எது எப்பவும் கையில இருக்குமோ அதப் போடுங்கம்மா" என்பதே எங்கள் வழக்கமான பதில். இந்த எண்ணை இனி யார் யார் பார்ப்பார்கள் என்ற கவலையும் அந்தத் தயக்கத்துக்குள் இருந்தது. அதை நான் புரிந்துகொள்வதற்கு ஒரு தவறு நடக்க வேண்டியிருந்தது.

நான் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உதவித் தலைமையாசிரியையாகப் பணியாற்றுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கல்வியாண்டின் நடுவில் வேறு மாவட்டத்திலிருந்து வந்து சேர்ந்தாள். தாய் மட்டுமே உடன் வந்தார். நான்கைந்து வாரங்கள் கழித்து ஒரு பிற்பகலில், கையில் இனிப்புப் பெட்டியும் புதுத்துணிப் பையுமாக ஒருவர் அலுவலகத்துக்கு வந்து, தாம் சிறுமியின் சித்தப்பா என்றும் பிறந்தநாளுக்குத் துணி கொடுக்க வந்திருப்பதாகவும் சொன்னார். பள்ளி நேரத்தில் பிள்ளையைப் பார்க்க இயலாது என்று எழுத்தர் சரியாகவே மறுத்தார். "அப்ப வீட்டுலயே குடுத்துடறேன், அட்ரஸ் மட்டும் சொல்லுங்க சார்" என்று வந்தவர் கேட்டதும், பதிவேட்டைத் திறந்து முகவரியையும் தாயின் எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று இரவே அந்த வீட்டு வாசலில் தந்தை நின்றார்.

மறுநாள் காலை அந்தத் தாய் என் மேசை மீது விரித்து வைத்தது, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் நீதித்துறை நடுவர் அளித்த பாதுகாப்பு ஆணை. எதிர்மனுதாரர் பாதிக்கப்பட்டவரை நேரிலோ தொலைபேசியிலோ தொடர்புகொள்ளக் கூடாது என்று தடுக்க அச்சட்டத்தின் 18-ஆம் பிரிவு இடமளிக்கிறது. பாதிக்கப்பட்டவர் குழந்தையாக இருந்தால் அதன் பள்ளிக்குள் நுழைவதையும் அப்பிரிவின்கீழ் தடுக்கலாம். நீதிமன்றம் மூடிய கதவை எங்கள் அலுவலகம் ஒரு துண்டுச் சீட்டால் திறந்துவிட்டிருந்தது. எழுத்தர் கெட்டவர் அல்லர். உறவுக்காரர் என்று சொல்லி வந்தவருக்கு வீட்டு வழி சொல்வது நம் ஊர்களில் காலங்காலமாக இருந்துவரும் மரியாதை. அவர் அதைத்தான் செய்தார். இப்படியொரு ஆணை இருப்பதே எங்களுக்குத் தெரியாது என்பதும் உண்மை. ஆனால் எங்கள் படிவத்தில் அதைக் கேட்கும் ஓர் இடம்கூட இல்லையே, பிறகு எப்படித் தெரியும்? அந்தக் குடும்பம் மறுபடியும் ஊர் மாறியது. ஒரே ஆண்டில் மூன்றாவது பள்ளியைப் பார்க்கப் போன அந்தச் சிறுமிக்கு மாற்றுச் சான்றிதழில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தது நான்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் எதிர்த்திசையில் போனோம். எல்லா எண்களும் தலைமையாசிரியர் அறையின் பீரோவுக்குள் போயின. வகுப்பாசிரியர்கள் வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்த எண்களையும் அழிக்கச் சொன்னோம். அந்த ஏற்பாடு ஒரு சனிக்கிழமை வரைதான் தாங்கியது. மைதானத்தில் கோகோ பயிற்சியின்போது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு வலிப்பு வந்தது. உடற்கல்வி ஆசிரியரிடம் எண் இல்லை, பீரோச் சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார். 108 வந்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிறகு, வழக்கமாக என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்று மருத்துவர் கேட்டபோது எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பிறகு கிடைத்த எண்ணும் பயன்படவில்லை. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அவன் தாய், உள்ளே போகும்போது கைபேசியை லாக்கரில் வைத்துவிட்டுப் போக வேண்டியவர். கடைசியில் உடன் படிக்கும் பையன் ஒருவன் சைக்கிளில் போய்ப் பாட்டியை அழைத்து வந்தான். வலிப்பு வந்த மாணவன் தேறிவிட்டான், ஆனால் அந்த நாற்பது நிமிடங்களை நான் மறக்கவில்லை.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே எனக்கு ஒரு தெளிவு வந்தது. எண்ணைக் கொடுக்கலாமா, கூடாதா என்று கேட்டுக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. குடும்பம் எந்தக் காரியத்துக்காக அந்த எண்ணைக் கொடுத்ததோ, அந்தக் காரியத்தைச் செய்ய வேண்டியவரின் கையில் அது தயாராக இருக்க வேண்டும். மற்றவர் கைக்குப் போகக் கூடாது. உடற்கல்வி ஆசிரியருக்கும் பேருந்து உதவியாளருக்கும் அவசர எண் வேண்டும். அவர்களுக்குக் குடும்பத்தின் வருமானமோ வீட்டு முகவரியோ தேவையில்லை. சத்துணவுப் பணியாளருக்கு எந்தக் குழந்தைக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்பது தெரிய வேண்டும். அவர் யாருடைய எண்ணையும் வைத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே இப்போது சேர்க்கைப் படிவத்தோடு தனியாக ஓர் அவசரத் தாள் கொடுக்கிறோம். பகலில் உண்மையிலேயே எடுக்கக்கூடிய எண், அது கிடைக்காவிட்டால் அடுத்த எண், வேலை செய்யும் இடத்தின் மேற்பார்வையாளர் எண், மருந்து விவரம், பிள்ளையை அழைத்துப் போகக்கூடியவர்களின் பெயர்கள் ஆகியவை அதில் இருக்கும். "உங்கள் குழந்தையைப் பற்றிய தகவல் யாருக்காவது போகக் கூடாது என்றால், அல்லது நீதிமன்ற ஆணை ஏதேனும் இருந்தால், தலைமையாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள்" என்று கடைசியில் ஒரு வரியும் இருக்கும். இந்த வரிக்கு ஆண்டுதோறும் ஓரிருவராவது வந்து பேசுகிறார்கள்.

வாட்ஸ்ஆப் குழுக்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று பள்ளியிலிருந்து எண்கள் வெளியே போகும் பெரிய வாசல் அதுதான். நாற்பது பெற்றோர் உள்ள வகுப்புக் குழு என்றால், ஒவ்வொருவருடைய எண்ணும் மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் தெரியும். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தேர்வு அட்டவணை தெரியாமல் அறிவியல் தேர்வுக்கு வராமல்போனபோது, ஏன் குழுவைப் பார்க்கவில்லை என்று தாயை அழைத்துக் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கைபேசியை என் பக்கம் நீட்டினார். பூக்கள் படத்தோடு காலை வணக்கம், பிறகு இரவு பதினொரு மணிக்குச் "சாப்டீங்களா" என்று ஒரு செய்தி. அனுப்பியவர் அதே வகுப்புக் குழுவில் இருந்த வேறொரு பையனின் உறவினர். வீட்டில் சொன்னால் தம்மிடமிருந்து கைபேசியே பறிபோய்விடும் என்று அஞ்சிய அந்தத் தாய் குழுவை விட்டு விலகியிருக்கிறார், மகனுக்குத் தேர்வு போயிற்று. அந்த எண்ணை நாங்கள் அவரிடம் கேட்டு வாங்கியது மகனின் படிப்புக்காக.

குழுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழை விடுமுறையைக் காலை ஆறரை மணிக்கு எல்லா வீட்டுக்கும் தெரிவிக்க இதைவிட நல்ல வழி எங்களிடம் இல்லை. ஆனால் வாட்ஸ்ஆப்பிலேயே ‘கம்யூனிட்டி’ என்ற ஏற்பாடு இருக்கிறது. அதன் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரிவதில்லை, நிர்வாகிகளுக்கு மட்டுமே தெரியும். நாங்கள் அதற்கு மாறினோம். பள்ளிக்கென்று ஒரு சிம் வாங்கி அதையே நிர்வாகி எண்ணாக வைத்தோம், ஏனென்றால் எங்கள் ஆசிரியைகளின் எண்ணும் தனிப்பட்ட எண்தான். பெற்றோர் தங்களுக்குள் எண் பரிமாறிக்கொள்ள விரும்புவதும் நியாயமானது. ஒரே ஆட்டோவில் நான்கு பிள்ளைகளை அனுப்புபவர்களுக்கு அது தேவை. விரும்புபவர்கள் தாமாகவே கொடுத்துக்கொள்ளட்டும். எல்லாருக்கும் சேர்த்து அந்த முடிவைப் பள்ளி எடுக்கக் கூடாது.

குழுவில் எதைப் போடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பெற்றோர் சரிபார்ப்பதற்காக, எங்கள் ஆசிரியர் ஒருவர் நல்லெண்ணத்தோடு பிறந்த தேதிகளும் அடங்கிய அந்தப் பட்டியல் (‘நாமினல் ரோல்’) முழுவதையும் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டார். நம் மாநிலத்தில் பொதுத்தேர்வு முடிவைப் பார்ப்பதற்குப் பதிவெண்ணும் பிறந்த தேதியும் போதும். பிறந்த தேதியை இப்படி ஊருக்கே கொடுத்துவிட்டால், பதிவெண் தெரிந்த எவரும் அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணை அவள் பார்ப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம். இப்போது ஒவ்வொரு பெற்றோரையும் நேரில் அழைத்து அவரவர் வரியை மட்டும் காட்டிக் கையெழுத்து வாங்குகிறோம். இரண்டு நாள் கூடுதல் வேலைதான்.

சட்டமும் இப்போது இதே பக்கம் நிற்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. 18 வயது நிறையாத அனைவரும் இச்சட்டத்தின்படி குழந்தைகளே. எந்த நோக்கத்துக்காகத் தகவல் பெறப்படுகிறதோ அதற்குத் தேவையானதை மட்டுமே பெற வேண்டும், நோக்கம் முடிந்தபின், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாதவரை, அழிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் படிக்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. குழந்தைகளின் தரவு தொடர்பான கடமைகளை மீறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். உயிருக்கு ஆபத்தான மருத்துவ நெருக்கடியில் ஒப்புதலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்றும் அதே சட்டம் சொல்வதைத் தலைமையாசிரியர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். சட்டத்துக்குப் பயந்து மருத்துவரிடம் வாய் திறக்காமல் இருப்பது சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதாகிவிடும். இச்சட்டம் டிஜிட்டல் வடிவிலான தகவலுக்கே பொருந்தும் என்பதால் காகிதப் பதிவேடு தப்பிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்த நொடியிலேயே அதுவும் டிஜிட்டல் ஆகிவிடுகிறது.

வெளியார் கேட்டு வருவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பிளஸ் டூ தேர்வு நெருங்கும்போது, மாணவர் பட்டியல் கிடைக்குமா என்று கல்லூரிகளிலிருந்தும் பயிற்சி மையங்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். சிலர் பள்ளிக்கு நன்கொடை தருவதாகவும் பேசுவார்கள். கொடுக்கவே கூடாது. பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி ஆகியவற்றைச் சரியாகச் சொல்லி, கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது என்று பெற்றோரை நம்பவைத்துப் பணம் பறிக்கும் மோசடிக்கு இத்தகைய பட்டியல்களே முதல். அப்படிப் பணம் இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். கல்வி உதவித்தொகை என்று தொலைபேசியில் யார் கேட்டாலும் ஓடிபியைச் சொல்லக் கூடாது என்பதை ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் நாங்கள் சொல்கிறோம்.

அலுவலக மேசையில் இப்போது நடப்பது இதுதான். உறவினர் என்று யார் வந்து முகவரியோ எண்ணோ கேட்டாலும் எழுத்தர் ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தி, "உங்க பேரு, நம்பர எழுதிக் குடுங்க சார், நாங்க வீட்டுக்குச் சொல்லிடறோம், அவங்களே உங்களக் கூப்பிடுவாங்க" என்கிறார். நாங்கள் எதையும் மறுத்ததாக ஆவதில்லை, எதையும் கொடுத்ததாகவும் ஆவதில்லை. பெரும்பாலானவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எழுத மறுத்துத் திரும்பிப் போகிறவர்கள் வந்த நாளையும் நேரத்தையும் குறித்து வைத்து, பள்ளி விடுவதற்கு முன்பே அந்தக் குடும்பத்தை அழைத்துச் சொல்லிவிடுகிறோம்.