மலையில் ஓடும் பழைய காருக்கு எந்தக் கார்புரேட்டர்?

சென்ற டிசம்பரில் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலை விவசாயி ஒருவர், தம் தந்தை வாங்கிய அம்பாசடர் காரைக் குன்னூரில் உள்ள என் பட்டறைக்கு ஓட்டி வந்தார். "கொண்டை ஊசியில திருப்பிட்டு செகண்ட் கியர்ல மிதிச்சா அப்படியே உட்கார்ந்துடுதுங்க, கீழே மாட்டினப்போ நல்லாத்தான் இழுத்துச்சு" என்றார். பானெட்டைத் திறந்தேன். வண்டியோடு வந்த எஸ்.யு. நிறுவனக் கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கருவி) இருந்த இடத்தில், சமவெளிப் பட்டறை ஒன்றில் பொருத்திய, காற்று புகும் தொண்டை இரண்டு கொண்ட பெரிய கார்புரேட்டர் இருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை முழுவதும் கரி. விரலால் தொட்டபோது மை போல ஒட்டிக்கொண்டது. ஆயில் கம்பியை உருவி முகர்ந்தால் பெட்ரோல் வாடை.

பெரிய கார்புரேட்டர் மாட்டினால் இழுவை கூடும் என்ற எண்ணத்தோடு வருபவர்களிடம் நான் முதலில் காகிதத்தில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவது வழக்கம். நான்கு வீச்சு எஞ்சின், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் முழுக் கொள்ளளவு காற்றை இழுக்கிறது. அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 4,500 சுற்று ஓடினால் அது சுமார் 3,350 லிட்டர். சிலிண்டர் ஒருபோதும் முழுமையாக நிரம்பாது என்பதால் அதில் 80 சதவீதத்தைக் கொண்டால் ஏறத்தாழ 2,700 லிட்டர், அதாவது 95 கன அடி. பிரீமியர் பத்மினி காரின் 1089 சிசி எஞ்சினுக்கு 5,000 சுற்றில்கூட 2,200 லிட்டருக்கு மேல் தேவைப்படாது. இதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிய தொண்டையை மாட்டினால், கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் 1,500 சுற்றுக்கு இறங்கும்போது தொண்டையின் குறுகிய பகுதியான வென்சுரிக்குள் காற்றின் வேகம் குறைந்து, பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் வலு போய்விடுகிறது. வருகிற பெட்ரோலும் பொடியாகச் சிதறாமல் துளியாகவே, எஞ்சினுக்குக் கலவை செல்லும் குழாயான மேனிபோல்டுக்குள் விழுகிறது. அவர் சொன்ன 'உட்கார்ந்துவிடுவது' இதுதான்.

இதற்கு மேல் உயரத்தின் கணக்கு வேறு இருக்கிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேல். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர். உதகையில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அந்த அடர்த்திக் குறைவை முழுமையாக ஈடுகட்டத் தெரியாது. அதனால் கலவை ஏறக்குறைய 12 சதவீதம் கொழுத்துப் போகிறது, அதாவது காற்றுக்கு ஏற்றதைவிடப் பெட்ரோல் கூடிவிடுகிறது. கரிப் பிளக்கும், ஆயிலில் இறங்கிய பெட்ரோலும் இதன் விளைவுகளே. காற்று மெலிந்ததால் போன இழுவையை எந்தக் கார்புரேட்டராலும் திருப்பித் தர முடியாது என்பதையும் வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும்.

கொழுப்பைக் குறைக்கச் சிறிய ஜெட் மாட்ட வேண்டும். சோலெக்ஸ் நிறுவன வகைக் கார்புரேட்டரில் ஜெட் எண் 120 என்றால் துளை 1.20 மில்லிமீட்டர். உதகை உயரத்துக்குப் பழைய கணக்குப்படி அதை 112.5 ஆக்க வேண்டியிருக்கும். ஆனால் இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அது கலவையை ஏறக்குறைய 8 சதவீதம் மெலியச் செய்கிறது. எனவே இன்று 117.5 போதும். பழைய புத்தகத்தைப் பார்த்து 112.5 மாட்டிவிட்டு, அதே வண்டியில் கோயம்புத்தூர் வரை வேகமாக ஓட்டினால், மெலிந்த கலவையில் வால்வு கருகும். இதை நான் ஒரு முறைக்கு மேல் கண்டிருக்கிறேன். ஜெட் துளையைக் கம்பி விட்டுக் குடைவதோ, ஈயம் வைத்து அடைத்துத் துளைப்பதோ கூடவே கூடாது. எண் பொறித்த ஜெட் கிடைக்கும்வரை காத்திருங்கள்.

வாங்கும்போது வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வேக்குவம் குழாய் செல்லும் முனை கார்புரேட்டரில் இருக்கிறதா? பெட்ரோலைத் தேக்கி வைக்கும் மிதவைக் கிண்ணம் வண்டியின் முன்பக்கம் பார்த்து அமைகிறதா? அது பின்பக்கம் அமைந்தால், செங்குத்தான ஏற்றத்தில் ஜெட்டருகே பெட்ரோல் மட்டம் தாழ்ந்து, தேவையான நேரத்தில் எஞ்சின் பட்டினி கிடக்கும். ரப்பர் குழாய்கள் எத்தனாலைத் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும். கார்புரேட்டருக்கும் மேனிபோல்டுக்கும் இடையே வெப்பம் கடத்தாத பேக்கலைட் துண்டு அவசியம். இல்லையென்றால், லாரிக்குப் பின்னால் மலையடிவாரத்துக் கல்லாரிலிருந்து ஊர்ந்து ஏறும்போது, உயரத்தில் பெட்ரோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே கொதித்துக் குழாயில் ஆவி அடைத்துக்கொள்ளும்.

குளிர்காலக் காலையின் பனிமூட்டத்தில் இதற்கு நேர்மாறான தொல்லை. பெட்ரோல் ஆவியாகும்போது தொண்டை குளிர்ந்து, ஈரக் காற்றிலுள்ள நீர், காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டில் உறைகிறது. வண்டி திணறி நின்று, பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். மெக்கானிக்குகள் பலர் இதை மின்சாரக் கோளாறு என்று இக்னிஷன் காயிலை மாற்றிவிடுவார்கள். டிசம்பர், ஜனவரியில் ஏர் ஃபில்டரின் மூக்கைச் சூடான எக்ஸாஸ்ட் மேனிபோல்டுப் பக்கம் திருப்பி வைத்தால் போதும்.

அந்த அம்பாசடருக்கு, வீட்டு ஓட்டுக்கூரையில் கிடந்த பழைய எஸ்.யு.வையே கொண்டுவரச் சொன்னேன். த்ராட்டில் தண்டு தேய்ந்து காற்று கசிந்ததால் புஷ் மாற்றினேன். எஸ்.யு.வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனுக்கு மேலே, அதன் அசைவைத் தணிக்கும் டேம்பரில் ஆயில் ஊற்றினேன். பிறகு எஞ்சின் சூடானதும் அந்தப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்த்தோம். சுற்று கூடி அப்படியே நின்றால் கலவை கொழுப்பு, எஞ்சின் அணைய முற்பட்டால் மெலிவு. சுற்று கூடியே நின்றது. கலவையை மெலியச் செய்ய, ஜெட் நட்டை அதன் ஆறு பக்கங்களில் ஒரு பக்க அளவு மேலே திருகினோம், பிறகு மீண்டும் ஒரு பக்கம். மூன்றாவது முறை தூக்கியபோது சுற்று சற்றே உயர்ந்து உடனே பழைய நிலைக்கு வந்தது; கலவை சரி. ஒரு வாரம் கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் ஓட்டிய பின் அவர் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். அதன் முனையிலுள்ள பீங்கான், பால் அதிகம் விட்ட காபியின் நிறத்தில் இருந்தது; கரி இல்லை, கலவை சரி.