புத்தி சொல்வதற்கு நாங்கள் எதற்கு?

"மேடம், ஒரு அரை மணி நேரம் நல்லா புத்தி சொல்லி அனுப்புங்க, போதும்." பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகனை அழைத்து வந்த ஒரு தந்தை, நாற்காலியில் அமர்வதற்கு முன்பே சொன்னது இது. மதுரையில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரியும் நான் இந்தச் சொற்களை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அந்தப் பையனுக்கு அதுவரை புத்தி சொல்லாதவர்கள் யார்? அப்பா சொல்லியிருக்கிறார், தாய்மாமன் சொல்லியிருக்கிறார், துறைத்தலைவர் சொல்லியிருக்கிறார், வீட்டுக்கு வந்துபோன தூரத்து உறவினர்கூடக் காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வகுப்புக்குப் போக வேண்டும், அரியர் வைக்கக் கூடாது என்பதெல்லாம் 19 வயதுப் பையனுக்குத் தெரியாத செய்திகள் அல்ல. தெரிந்தும் ஏன் செய்ய முடியவில்லை என்பதுதான் கேள்வி. அதற்கு விடை காணாமல் அறிவுரையைத் திரும்பத் திரும்பச் சொன்னால், 'இவ்வளவு சொல்லியும் என்னால் முடியவில்லையே' என்ற குற்றவுணர்வு மட்டுமே மிஞ்சும். 'கவுன்சலிங்' என்பதற்கு 'ஆலோசனை' என்று நாம் பெயர் வைத்ததிலும் பிழை இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அச்சொல்லைக் கேட்டவுடனே ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டுக்கொள்ளும் காட்சிதான் மனத்தில் எழுகிறது. இலங்கைத் தமிழர்கள் இதனை 'உளவளத்துணை' என்கிறார்கள். துணை என்பதே பொருத்தமான சொல்.

என்னிடம் வருவதற்கு முன்பு அவனை இன்னோர் ஆலோசகரிடம் அழைத்துச் சென்றிருக்கிறார்கள். அவர் 40 நிமிடம் தந்தையின் கஷ்டங்களை எடுத்துச் சொல்லி, அவன் தயங்கித் தயங்கிச் சொன்ன சில விஷயங்களையும் பெற்றோரை உள்ளே அழைத்து அவன் முன்னிலையிலேயே ஒப்பித்திருக்கிறார். அதன் விளைவை நான் அனுபவித்தேன்: முதல் இரண்டு அமர்வுகளில் அவன் ஏறக்குறைய வாயே திறக்கவில்லை.

மூன்றாவது அமர்வில்தான் சொன்னான். முதலாம் ஆண்டு ஆய்வக வைவாவின்போது (வாய்மொழித் தேர்வு) நெஞ்சு படபடத்து, வியர்த்து, மூச்சு முட்டிச் செத்துவிடுவோம் என்று தோன்றியிருக்கிறது. இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லை என்றால் இதயத்தில் ஒன்றுமில்லை என்றுதான் பொருள். அதன் பிறகு ஆய்வகத்தைத் தவிர்த்தான், பின்னர் வகுப்பை, அதற்கும் பின்னர் கல்லூரிப் பேருந்தையே தவிர்த்தான். வீட்டில் இதற்குச் சூட்டிய பெயர் சோம்பேறித்தனம், குற்றவாளி செல்போன்.

நாங்கள் செய்தவை எளியவை. படபடப்பு வரும்போது என்ன நடக்கும் என்று அஞ்சுகிறான், உண்மையில் என்ன நடந்தது என்பதை அவனே ஒரு நோட்டில் எழுதி வந்தான். தவிர்த்த இடங்களைப் பயம் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்தி, முதலில் ஆய்வகத் தாழ்வாரத்தில் 10 நிமிடம் நிற்பது, பிறகு நண்பனோடு உள்ளே செல்வது என்று ஒவ்வொரு படியாக ஏறினான். 11 அமர்வுகள் ஆயின. வைவாவிலும் படபடப்பு வந்தது. இம்முறை அவன் எழுந்து ஓடவில்லை. இதில் நான் சொன்ன புத்தி எதுவும் இல்லை.

சரியானவரைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில், புடவை எடுக்கப் பத்துக் கடை ஏறி இறங்கும் நாம் காட்டும் அலட்சியம் வியப்பளிக்கிறது. மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுபவர். பேச்சுவழிச் சிகிச்சை தரும் மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், கவுன்சிலின் இணையதளத்தில் சரிபாருங்கள். கேட்டால் கோபப்படுபவரிடம் போகவே வேண்டாம். 'ஆலோசகர்' என்ற பலகையை இரண்டு நாள் பயிற்சி முடித்தவரும் மாட்டிக்கொள்ளும் நிலை இன்னும் மாறவில்லை. என்ன படித்தார், எங்கே பயிற்சி பெற்றார் என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. ஒரே அமர்வில் குணமாக்குவேன் என்பவர், உங்களைவிட அதிகம் பேசுபவர், சாதி, மதம், திருமணம் பற்றித் தீர்ப்பு வழங்குபவர், மருந்தை உடனே நிறுத்தச் சொல்பவர் ஆகியோரை விட்டு விலகுங்கள். மருந்தைக் குறைப்பதோ நிறுத்துவதோ அதை எழுதியவரின் வேலை.

தகுதியெல்லாம் இருந்தும் ஒருவரிடம் மனம் திறக்க முடியாமல் போகலாம். மூன்று நான்கு அமர்வுகளுக்குப் பிறகும் அப்படியே இருந்தால் அதை அவரிடமே சொல்லுங்கள், தேவையென்றால் மாற்றிக்கொள்ளுங்கள். நல்ல ஆலோசகர் அதற்காக வருந்தமாட்டார், வேறொருவரைப் பரிந்துரைப்பார். என்னிடமிருந்தும் அப்படிச் சென்று நலமடைந்தவர்கள் உண்டு.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அமர்வு முடிந்தவுடன் "என்ன சொன்னான்?" என்று கேட்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியம் காப்பதை எங்கள் கடமையாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் நாங்களே சொல்வோம்; 18 வயதுக்குட்பட்டவர் பாலியல் வன்முறையைச் சொன்னால் போக்சோ சட்டப்படி புகாரளித்தாக வேண்டும். மற்றவை அந்த அறையோடு நிற்கும்.

கட்டணம் கட்ட இயலாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தற்கொலை எண்ணம் இருப்பவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; அடுத்த வாரம் அமர்வு இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள்.

சென்ற வாரம் அந்தத் தந்தையின் மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். "நீங்க நல்லா புத்தி சொல்லிப் பையனை மாத்திட்டீங்கன்னு மச்சான் சொன்னாரு. என் பொண்ணையும் கூட்டிட்டு வரவா?" என்றார். மகளுக்கு வர விருப்பமா என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.